ஊசி எங்கே நின்றது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 'நைந்த துணியைக் கையால் தைத்துச் சீர்செய்வது சிக்கனமா, கலையா?' என்ற தலைப்பில், கலையே என்ற அணியில் நான் பேசுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ஊசியை எடுக்க வைத்தது வறுமை என்றும், அதைக் கலை என்பது ஏழையின் இல்லாமைக்கு நாம் பூசும் அலங்காரம் என்றும் சொன்னார். ஊசியை எடுக்க வைத்தது வறுமைதான். அதை நான் மறுக்கவில்லை. எடுத்த ஊசி எங்கே நின்றது என்பதையும் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டும் என்றே கேட்கிறேன்.

வங்காளத்துக் காந்தாவை எடுத்துக்கொள்கிறேன். உடுத்தி உடுத்தி நைந்துபோன சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத்தையலால் இணைத்து, குழந்தைக்கும் விருந்தினருக்கும் போர்வையாகவும் விரிப்பாகவும் அந்த மண்ணின் பெண்கள் ஆக்கினார்கள். பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய சிவப்பு, நீல, கறுப்பு இழைகளையே நூலாகக் கொண்டார்கள். இதுவரை சொன்னதெல்லாம் சிக்கனம்தான். எதிரணி அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுக்குகள் பிரியாதிருக்க நேர்வரிசைத் தையலே போதும் என்னும்போது, நடுவில் இதழ் விரிந்த தாமரை எதற்கு? நான்கு மூலைகளிலிருந்தும் மையம் நோக்கி வளரும் மரங்கள் எதற்கு? யானையும் தேரும் படகும், 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைகளும்கூட, அந்தப் பழந்துணியில் ஏன் வந்தார்கள்? வெண்துணியில் வெண்ணூல் நெருங்கி ஓடும்போது துணி மெல்லச் சுருங்கி, உருவங்களைச் சுற்றி நீர்ப்பரப்பைப் போல அலையடிக்கிறது. தையலின் நெருக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்த அலையை எழுப்பத் தெரிந்த கையை, ஓவியனின் கைக்கு ஒருபடி கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதிகாரியாக இருந்து நாட்டுப்புறக் கலைகளைத் தேடித் திரட்டிய குருசதய் தத் சேர்த்த பொருள்கள், கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயராலேயே ஓர் அருங்காட்சியகமாக அமைந்தன. அவற்றுள் மானதாசுந்தரி என்ற பெண் தம் தந்தைக்காகச் செய்த காந்தா ஒன்று உண்டு. தம் பெயரையும், தம் கையாலேயே இதைச் செய்த செய்தியையும் அவர் வங்காள எழுத்தில் தைத்திருக்கிறார். வெறும் தேவைக்காக ஒட்டுப்போடுகிறவர் கையொப்பம் இடுவாரா?

ஜப்பானின் வடபகுதியிலுள்ள சுகாருவை எதிரணி சான்று காட்டியது. அங்கே குளிரில் பருத்தி விளையாது. உழவர்கள் தங்கள் நாருடைகளில் பருத்தி நூலை நெருக்கித் தைத்துக் காற்றை அடைத்தார்கள், நைந்தால் அதன்மேலேயே மீண்டும் தைத்தார்கள். உயிர்காக்கும் வேலை, ஐயமில்லை. ஆயினும் 'கோகின்' எனப்படும் அந்தத் தையலில் கிழக்கு, மேற்கு, மிஷிமா என வட்டாரந்தோறும் கோலம் வேறுபடுகிறது. காற்றை அடைப்பது மட்டுமே நோக்கமென்றால் ஒரே கோலம் எல்லா ஊருக்கும் போதாதா?

கண்ணுக்குத் தெரியாத தையலே சிறந்த தையல், அதில் தைப்பவரின் வெளிப்பாட்டுக்கு இடமில்லை என்பது அவர்களுடைய கடைசி வாதம். இங்கிலாந்துக் கலைஞர் சீலியா பிம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். அவருக்குத் தாத்தா முறையான ஒருவர், பலகையில் முன்கையை ஊன்றிப் படம் வரைந்து வரைந்தே தம் ஸ்வெட்டரின் கைகளைத் தேய்த்துவிட்டார். அந்தத் தாத்தாவின் சகோதரி அவ்வப்போது இழையோட்டிக் கொடுத்துவந்தார். இருவரும் மறைந்தபின் அது பிம்மிடம் வந்தது. எஞ்சிய ஓட்டைகளை அவர் கம்பளி நூலால், வேண்டுமென்றே வேறாகத் தெரியும்படி அடைத்தார். வரைந்தவர் எங்கே கை ஊன்றினார், சகோதரி எங்கே தைத்தார் என்பது இரண்டும் இன்று அந்த ஸ்வெட்டரில் தெரிகின்றன. அணிந்தவரே இல்லாதபோது அதை ஏன் தைக்க வேண்டும் என்பதற்குச் சிக்கனத்தைக் கொண்டு விடை சொல்லுமாறு, அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பரைத் தாங்கள் பணிக்க வேண்டும், நடுவர் அவர்களே. நன்றி.