சட்டையைக் கழற்றிப் பார்ப்போம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "சிந்தனைதான் உடல், மொழி அதன்மேல் போட்ட சட்டை. பேச்சு வராத குழந்தைக்கும் அம்மாவைத் தெரிகிறதே" என்றார் எதிரணித் தோழர். தெரியும், மறுக்கவில்லை. பேச்சு வந்த பிறகு அந்தக் குழந்தை உலகத்தை எப்படிப் பார்க்கப் பழகுகிறது என்பதுதான் இன்றைய வழக்கு.

ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில், மேற்குக் கரையோரம் போர்ம்புராவ் என்று ஓர் ஊர். அங்கே குக் தாயோர் மொழி பேசுகிறவர்கள், ஒரு பொருள் இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் இடது, வலது என்று சொல்வதில்லை. கிழக்கு, மேற்கு என்றே சொல்கிறார்கள். லெரா போரோடிட்ஸ்கி, ஆலிஸ் கேபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவர்களிடம் சில படங்களைக் கலைத்துக் கொடுத்தார்கள். ஒரு மனிதர் முதுமை அடைவது, ஒரு முதலை வளர்வது, இப்படி. கால வரிசையில் அடுக்க வேண்டும். நாமாக இருந்தால் இடமிருந்து வலமாக அடுக்குவோம். அவர்கள் தெற்கு பார்த்து உட்கார்ந்தால் இடமிருந்து வலம், வடக்கு பார்த்தால் வலமிருந்து இடம், கிழக்கு பார்த்தால் தங்களை நோக்கி அடுக்கினார்கள். எப்படி உட்கார்ந்தாலும் அவர்களுடைய காலம் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே போனது! எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 2010-ல் வெளிவந்த ஆய்வு இது.

எங்கள் அம்மாச்சியும் "அடுப்புக்குத் தெக்கால இருக்கிற சொம்பை எடுடா" என்றுதான் சொல்வார். அந்த வீட்டில் இருட்டிலும் எனக்குத் திசை தெரியும். லெஃப்ட், ரைட் என்று பேசும் என் நகரத்து வீட்டில் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அது பழக்கம், மொழி இல்லை" என்பார் தோழர். சரி, ரஷ்யாவுக்கு வாருங்கள். அங்கே நீலத்துக்குப் பொதுவாக ஒரு சொல் கிடையாது. வெளிர்நீலம் 'கலுபோய்', அடர்நீலம் 'சீனிய்'. 2007-ல் வெளிவந்த ஒரு சோதனையில், இரண்டு நீலங்களுக்கும் வேறு வேறு பெயர் என்றால் ரஷ்ய மொழி பேசுவோர் சட்டென்று பிரித்தார்கள். இரண்டும் ஒரே பெயருக்குள் வந்தால் அந்த வேகம் இல்லை. ஆங்கிலம் பேசுவோரிடம் இந்த வித்தியாசமே காணப்படவில்லை.

அப்புறம் செய்ததைக் கவனியுங்கள். மனசுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே நிறத்தைப் பார்க்கச் சொன்னார்கள். மொழிக்கு வேறு வேலை வந்துவிட்டது. உடனே ரஷ்யர்களின் அந்த வேகம் காணாமல் போனது. கண்ணும் மாறவில்லை, நிறமும் மாறவில்லை.

மொழி வெறும் சட்டைதான் என்றால், சட்டையைக் கழற்றியதும் கண்ணின் வேகம் ஏன் போனது? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி.