சிங்கமா, முதலையா? முதலைக் கட்சிக்காக ஒரு பேச்சு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். அம்மன் வாசல்ல பனியில உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். மைக்செட் தம்பிக்கு மட்டும் ரெண்டு வணக்கம், போன திருவிழாவுல நான் வாயைத் தொறந்தப்பதான் கரண்ட் போச்சு.

சிங்கமும் முதலையும் மோதினா எது ஜெயிக்கும்? இதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் பத்து நிமிஷம் கர்ஜிச்சாரு. கடைசியா என்னைக் காட்டி ஒண்ணு சொன்னாரு, நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க: "முதலைக்குப் பேச வந்திருக்கிற தம்பி, வாழ்க்கையில பாத்த பெரிய முதலை கால்ல ஏறுன அட்டைதான்."

இதுக்குப் பதில் சொல்லாம தலைப்புக்குப் போனா, வீட்டுல அப்பாயி இன்னைக்கு ரொட்டி தராது.

அண்ணே, ஒத்துக்கிறேன். அட்டையைக் கண்டா சவர்க்காரம் தேடி ஓடுற ஆளுதான் நான். நம்ம குளிருக்கு முதலை வராது, அது வெயில் காயணும். நம்ம மலையில பொறக்குற மகாவலி ஆறு, கீழ சமவெளியில மன்னம்பிட்டிப் பக்கம் போனா அதுல முதலை கெடக்கு. சரி, நீங்க சிங்கத்தை எங்கண்ணே பாத்தீங்க? ஹட்டன் பஸ் ஸ்டாண்ட்லயா? எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் சிங்கம் ரெண்டே இடத்துலதான். ஒண்ணு, பியர் போத்தல் மேல. சம்பள நாள் ராத்திரி அதோட மல்லுக்கட்டி லயத்து வாசல்ல விழுந்து கெடக்குற வீரர்கள் யாருன்னு நான் சொல்லல. மூணாவது வரிசையில ரெண்டு பேர் தலையைக் குனியுறாங்க. இன்னொண்ணு, இலங்கைக் கொடியில. அங்கயும் கையில வாளைக் குடுத்துத்தான் நிறுத்தியிருக்காங்க. நகமும் பல்லும் பத்தாதுன்னு வரைஞ்சவருக்கே தெரிஞ்சிருக்கு! இது அரசியல் இல்லைங்க நடுவர் ஐயா, பல்லைப் பத்தின பேச்சு.

பல்லுன்னதும் ஞாபகம் வருது. இந்த நாட்டுல ஒரு காலத்துல நெசமாவே சிங்கம் இருந்திருக்கு. இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டயில கெடைச்சதை வச்சு 1939ல தெரணியகலன்னு ஒரு ஆராய்ச்சியாளர் எழுதி வச்சாரு. என்ன கெடைச்சுது? ரெண்டு பல்லு. அண்ணன் கட்சியோட மொத்த சொத்து அவ்வளவுதான். முதலை வாயில இன்னைக்கும் 60க்கு மேல இருக்கு, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு மொளைக்கும்.

நான் சிங்கம் பாத்திருக்கேன். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில. தோட்டத்துல வேன் பிடிச்சுப் போனோம், அப்பாயியையும் கூட்டிக்கிட்டு. கொழும்பு வெயில்லயும் கம்பளியைக் கழட்டல. கூண்டுக்கு முன்னால வந்தா, சிங்கம் நாலு காலையும் நீட்டிப்போட்டு மல்லாந்து தூங்குது. அப்பாயி அஞ்சு நிமிஷம் பாத்துச்சு. "இது எத்தனை மணிக்குடா எந்திரிக்கும்?" அங்க நின்ன வேலையாளைக் கேட்டேன். இறைச்சி போடுற நேரத்துக்கு எந்திரிக்கும், மத்தபடி ஒரு நாளைக்கு 20 மணி நேரம் கூடத் தூங்கும்னாரு. அப்பாயி யோசிச்சுச்சு. தோட்டத்துல வேலை செஞ்சாத்தான் பேர் விழும், பேர் விழுந்தாத்தான் அன்னைக்குச் சம்பளம். அப்புறம் கேட்டுச்சு பாருங்க:

"அப்ப இதுக்குப் பேர் விழுமா?"

சிரிக்காதீங்க, நாப்பது வருஷம் கூடை தூக்குன கேள்வி அது! கிலோ கொறைஞ்சா அரைப்பேர் போடுற கணக்கப்பிள்ளைகிட்ட நின்ன கேள்வி. 20 மணி நேரம் தூங்குறவனுக்கு முழுப்பேர் போடுறது யாரு?

அடுத்து முதலைத் தொட்டி. அதுவும் அசையல. வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. மாமா சொன்னாரு, "இதுவும் சும்மாதானே கெடக்கு?" அப்பாயி விடல. "கண்ணப் பாருடா. எங்க காலத்துக் கங்காணி இப்பிடித்தான் மரத்தடியில ஆடாம நிப்பாரு. கூடையில முத்தின இலை விழுந்தா மட்டும் அசைவாரு."

திரும்பி வர்றப்ப மறுபடி சிங்கக் கூண்டு. இப்பவும் தூக்கம்தான், பக்கம் மட்டும் மாறியிருக்கு. அப்பாயி நின்னு ரெண்டு கையையும் கூப்பி, "வர்றேங்க தொர"ன்னுச்சு. ஏன் அப்பாயின்னு கேட்டா, "தூங்குற எடத்துக்கே சோறு வந்தா அது தொரதானடா!"

மணி அடிச்சிட்டீங்களா? தலைப்புக்கு வந்துட்டேன் ஐயா. 2012ல அமெரிக்காவுல உவர்நீர் முதலையோட கடியை அளந்து சொன்னாங்க. 1,600 கிலோவுக்கு மேல பாரம். நம்ம கணக்குல, ஒரு பேருக்கு 18 கிலோ கொழுந்துன்னா, கிட்டத்தட்ட 90 நாள் கொழுந்து ஒரே கடியில! முதலை வாயைத் தொறக்கிற தசைக்கு வலுவில்ல, ரப்பர் பட்டி போட்டே கட்டிடலாம்னாரு அண்ணன். நெசந்தான். போடுறது யாரு, சிங்கமா?

தண்ணியை விட்டு வெளிய வந்தா முதலை தோத்துப்போகும்னு வள்ளுவரையும் இழுத்தாரு. அதே குறள்ல முன்பாதி, ஆழத்தண்ணியில முதலைதான் வெல்லும்கிறது. அதை மட்டும் வீட்டுல வச்சிட்டு வந்துட்டாரு. குஜராத்துல கிர் காட்டுக்குப் போங்க, அங்க ரெண்டும் இருக்கு. காட்டுல சிங்கம், கமலேஷ்வர் அணைத் தண்ணியில முதலை. முதலை மாசக்கணக்கா பட்டினி கெடக்கும். தாகம் எடுத்தா யார் யாரைத் தேடி வரணும்?

இன்னும் ஒரு நிமிஷம் குடுங்க.

முதலைக் குஞ்சு முட்டைக்குள்ள இருந்தே கத்தும். தாய் அதைக் கேட்டு மண்ணைத் தோண்டி, குஞ்சுகளைத் தன் வாயில வச்சுத் தண்ணிக்குத் தூக்கிட்டுப் போகும். அந்தப் பல்லுக்கு நடுவுல வச்சு, ஒரு கீறல் இல்லாம. ஒரு கூட்டத்துக்குப் புதுசா வர்ற ஆண் சிங்கம், அங்க இருக்கிற குட்டிகளைக் கடிச்சுப் போட்டுரும்.

எங்கம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனப்ப எனக்கு ரெண்டு வயசு. விடிய முன்னாடி வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்குப் போகணும், அப்பாயி என்னைக் கம்பளியில சுருட்டித் தூக்கிட்டு, வேலை நேரத்துல பிள்ளைகளைப் பாத்துக்கிற பிள்ளை மடுவத்துக்குப் போகும். அது கையை நீங்க பாக்கணும். தேயிலைக் கறை ஏறி, விரலெல்லாம் வெடிச்சு, தொட்டா அரம் மாதிரி இருக்கும். விறகு பொளக்குற கை, என் முதுகையும் பொளந்த கை. ஆனா அந்தக் குளிர்ல, வழுக்குற படியில, அத்தனை தூரம் தூக்கிட்டுப் போயும் ஒரு நாள் கூட நான் முழிச்சதில்ல.

நடுவர் ஐயா, சிங்கம்தான் ஜெயிச்சுதுன்னு நீங்க தீர்ப்பு சொன்னாலும் எனக்கு வருத்தமில்ல. முன்வரிசையில பச்சைக் கம்பளி போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கே, அதுதான் எங்க அப்பாயி. அதுக்கிட்ட மட்டும் நீங்களே இறங்கி வந்து சொல்லிடுங்க.