300 திருத்தங்கள், மூன்று நாட்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடும். பதினோரு ஆண்டுகளாக அதை நடத்துகிற பொறுப்பு என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் இருபது, இருபத்தைந்து பேர்தான். போன வருடம் ஒரு கூட்டத்தில், தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று பேச்சு வந்தது. தறி ஓட்டுகிற ஒருவர், தன் மகளை ஏன் ஆங்கிலவழியில் சேர்த்தேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர் குறுக்கிட்டு, "தாய்மொழியை விற்றவருக்கு இங்கே என்ன பேச்சு?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்கடுத்த மாதம் தறிக்காரர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

அந்த உறுத்தலில்தான் நம் நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களை எடுத்துப் படித்தேன். மொழிக்காக அங்கே நடந்ததைவிடப் பெரிய வாக்குவாதம் எது?

சபை கூடிய இரண்டாம் நாளே, 1946 டிசம்பர் 10 அன்று, அது தொடங்கிவிட்டது. ஐக்கிய மாகாணத்து, அதாவது இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியின், உறுப்பினர் ஆர். வி. துலேகர் இந்துஸ்தானியில் (இந்தியும் உருதும் கலந்த பேச்சுமொழி) பேசினார். இங்கே பலருக்கு அந்த மொழி தெரியாதே என்று தற்காலிகத் தலைவர் சச்சிதானந்த சின்ஹா எடுத்துச் சொன்னார். இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்கவே உரிமை இல்லை, இந்தச் சபையில் உட்காரவும் தகுதி இல்லை, அவர்கள் போய்விடட்டும் என்றார் துலேகர். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 1948 நவம்பரில் நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பேசியதைப் படித்தால் கசப்பு எவ்வளவு ஊறியிருந்தது என்று தெரியும். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா, ஐக்கிய மாகாணத்து நண்பர்களே முடிவு செய்யட்டும் என்றார் அவர்.

இப்படிப்பட்ட சபையில், 1949 செப்டம்பர் 12 அன்று, நாட்டின் ஆட்சிமொழி எது என்று சொல்லும் மொழிப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. 300க்கும் மேற்பட்ட திருத்தங்கள் வந்து குவிந்திருந்தன. தலைமை இருக்கையில் ராஜேந்திர பிரசாத். அவர் பீகார்க்காரர், தன் வாழ்க்கைக் கதையை இந்தியிலேயே எழுதியவர். மனம் எந்தப் பக்கம் சாயும் என்று எல்லோருக்கும் தெரியும்.

விவாதத்தைத் தொடங்கும்போது அவர் வைத்த வேண்டுகோளை நான் பலமுறை படித்திருக்கிறேன். இந்தச் சட்டத்தின் மற்ற பிரிவுகள் போல இல்லை இது, நாளுக்கு நாள், மணிக்கு மணி, ஏன் நிமிடத்துக்கு நிமிடம் நடைமுறைக்கு வரப்போவது என்றார். வாதத்தில் ஜெயித்துப் பயனில்லை, வடக்கிலோ தெற்கிலோ ஒரு பகுதி மக்கள் ஏற்காத முடிவைப் பெரும்பான்மையால் நிறைவேற்றிவிட்டாலும் அதை நடத்திக்காட்ட முடியாது என்றார். அதனால்தான், யார் மனமும் புண்படும்படி ஒரு சொல்கூட விழக்கூடாது, அறிவோடு பேசுங்கள், உணர்ச்சியைக் கிளப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நாகரிகமாகப் பேசுங்கள் என்று எந்தத் தலைவரும் சொல்வார். அவர் அதற்குக் காரணமும் சொன்னார். அதை நான் புரிந்துகொண்டது இப்படி. ஓட்டு எண்ணி முடிந்த பிறகும் தோற்றவர் இந்த நாட்டில்தான் இருக்கப்போகிறார், அந்த முடிவோடுதான் மறுநாள் காலையில் எழுந்திருக்கப்போகிறார். நடத்துகிறவர் பார்க்க வேண்டிய ஆள் அவர்தான். எங்கள் கூட்டத்தில் நான் பார்க்கத் தவறியதும் அவரைத்தான்.

மூன்று நாள் பேசினார்கள். சும்மா தட்டிக்கொடுத்துக்கொள்ளவில்லை, காரமாகவே பேசினார்கள். மொழிக்கு இணையாக எண்களுக்கும் மல்லுக்கட்டினார்கள். தேவநாகரி எண்களா, 1, 2, 3 என்று நாம் எழுதும் எண்களா என்பது பெரிய வழக்கு. சபை உறுப்பினர்கள் கே. எம். முன்ஷியும் கோபாலசாமி ஐயங்காரும் முன்வைத்த சமரசம் 14ஆம் தேதி ஏற்கப்பட்டது. தேவநாகரியில் எழுதும் இந்தி ஆட்சிமொழி, ஆங்கிலம் 15 ஆண்டு தொடரும், எண்கள் உலக வழக்குப்படி. பிரச்சினை அதோடு தீரவில்லை. 1965ல் தமிழ்நாடு பட்டது நமக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று நாட்களில் பேச்சு முறியவில்லை, சபையும் உடையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1949 நவம்பர் 25 அன்று, சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் அம்பேத்கர் சபையில் ஆற்றிய உரையில், தன்னை ஓயாமல் எதிர்த்த காமத், கே. டி. ஷா, குன்ஸ்ரூ போன்றவர்களைப் பெயர் சொல்லி நன்றி கூறினார். கட்சிக் கட்டுப்பாட்டுக்கு எல்லோரும் தலையாட்டியிருந்தால் சபை சுவையற்றுப் போயிருக்கும் என்றார். அந்தக் கலகக்காரர்கள் கேள்வி கேட்டதால்தான் சட்டத்தின் அடிப்படைகளை விளக்கிச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது என்று மனமார ஒப்புக்கொண்டார். சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாதுக்கும் தனியாக நன்றி சொன்னார். வெறும் விதிமுறை நுணுக்கத்தைக் காட்டி வேலையைக் கெடுக்க அவர் இடம் தரவில்லை என்பதற்காக.

இதைப் படித்த அன்று எனக்கு ஒன்று உறைத்தது. பெரியவரை நான் தடுக்காததற்கு அவர் வயது மட்டும் காரணமில்லை. தமிழ்வழிதான் வேண்டும் என்பது என் தரப்பும்கூட. என் பக்கத்து ஆள் பேசியதால் அந்தச் சொல் என் காதில் சுடவில்லை.

தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். "நான் குறுக்கே வந்திருக்கணும், தப்பு என்மேலதான்" என்றேன். டீ கொடுத்தார், வேறு பேச்சுப் பேசினார், "பார்க்கலாங்க" என்றார். பெரியவரிடமும் போய்ப் பேசினேன். அவர் சமாதானமாக இரண்டு வாரம் ஆயிற்று.

வருகிற ஞாயிறு அதே தலைப்பைத்தான் மறுபடி வைத்திருக்கிறேன். முதலில் தறிக்காரர் பேசுகிறார். அவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது என்று இருவரிடமும் சொல்லியாகிவிட்டது.

நன்றி, வணக்கம்.