கரண்ட் போய் வந்த பிறகு மீட்டர் கிராஃப் வெறுமை: பழைய டேட்டா எங்க?

கடற்கரையோரம் இருக்கிற உப்புவெளியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கரண்ட் மீட்டரில மினுங்கிற எல்ஈடிக்கு மேல சென்சர் ஒட்டி, ராஸ்பெரி பை 4 எண்ட சின்னக் கணினியில டொக்கர் (ஒவ்வொரு புரோகிராமையும் கொன்டெய்னர் எண்ட தனிப் பெட்டியில ஓட்டிறது) போட்டு, மொஸ்கிட்டோ (சென்சரின்ர செய்தியை வாங்கிக் குடுக்கிறது), டெலிகிராஃப் (அதை டேட்டாபேஸுக்கு அனுப்பிறது), இன்ஃப்ளக்ஸ்டிபி 2 (டேட்டாபேஸ்), கிரஃபானா (கிராஃப் கீறுறது) நாலையும் ஓட விட்டிருக்கிறார். கரண்ட் போய் வந்தா ஒண்டும் தானா எழும்புதில்லையாம். அதால டொக்கர் கொம்போஸில டவுன் (எல்லாத்தையும் நிப்பாட்டி எடுக்கிற கட்டளை), பிறகு அப் (திரும்ப எழுப்பிற கட்டளை) குடுத்திருக்கிறார். இப்ப பழைய மாசங்கள் ஒண்டையும் காணேல்ல.

தம்பி, முதல்ல, பாவிக்காத வொல்யூம்களை (டொக்கர் டேட்டா வைக்கிற இடங்கள்) அழிக்கிற டொக்கர் வொல்யூம் புரூன் எண்ட கட்டளையை மட்டும் அடிச்சுப்போடாதீங்கோ. உங்கட டேட்டா அநேகமா டிஸ்க்கிலதான் கிடக்குது. எதை எப்பிடி ஓட்டிறதெண்டு எழுதிற கொம்போஸ் ஃபைலில இன்ஃப்ளக்ஸுக்கு வொல்யூம் எழுதாம விட்டா, டொக்கர் பேரில்லாத வொல்யூம் ஒண்டை உண்டாக்கி அதுக்குள்ள வைக்கும். டவுன் குடுத்தா கொன்டெய்னர்தான் போகும், அந்த வொல்யூம் போகாது. ஆனா அடுத்த அப்புக்குப் புதுசா இன்னொண்டு வரும், அதுதான் வெறுமை. டவுனோட மைனஸ் வி சேர்த்து அடிச்சிருந்தா மட்டும் உண்மையா அழிஞ்சிருக்கும்.

மீட்கிறதுக்கு, சூடோவோட (அட்மின் உரிமையோட) வார், லிப், டொக்கர், வொல்யூம்ஸ் ஃபோல்டருக்குள்ள போங்கோ. 64 எழுத்தில நீளப் பேரோட சிலது கிடக்கும். இன்ஃப்ளக்ஸ்டி டொட் போல்ட் எண்ட ஃபைலும் எஞ்சின் எண்ட ஃபோல்டரும் எதுக்குள்ள இருக்கோ அதுதான் ஆள். ரெண்டு மூண்டில இருந்தா எஞ்சின் பெரிசா இருக்கிறதை எடுங்கோ.

இப்ப கொம்போஸில பேர் வைச்ச வொல்யூம் ஒண்டை வார், லிப், இன்ஃப்ளக்ஸ்டிபி2 க்கு இணைச்சு, ஒருக்கா அப் குடுங்கோ. பிறகு இன்ஃப்ளக்ஸை நிப்பாட்டி, புது வொல்யூமில இருக்கிறதைத் துடைச்சுப்போட்டு, பழையதை சிபி மைனஸ் ஏ ஆல கொப்பி பண்ணுங்கோ. அந்த ஏ முக்கியம், இல்லாட்டி ஃபைலின்ர உரிமை மாறி பெர்மிஷன் பிழை வரும். டோக்கனும் (இன்ஃப்ளக்ஸுக்குள்ள போற ரகசியச் சாவி) அந்த போல்ட் ஃபைலுக்குள்ளதான் இருக்கு, அதால டெலிகிராஃபிலயும் கிரஃபானாவிலயும் பழைய டோக்கனைத்தான் குடுக்க வேணும்.

இன்னொரு பொறி இருக்கு. வொல்யூம் பேருக்கு முன்னால கொம்போஸ் உங்கட ஃபோல்டர் பேரை ஒட்டும். பிறகொரு நாள் ஃபோல்டர் பேரை மாத்தினா திரும்பவும் வெறுமைதான். வொல்யூமுக்குக் கீழ நேம் எண்டு ஒரு வரி எழுதிப் பேரை உறுதியாக்குங்கோ.

தானா எழும்பிறதுக்கு ஒவ்வொரு சேவைக்கும் ரீஸ்டார்ட் அன்லெஸ் ஸ்டொப்ட் போட்டாக் காணும்.

பை 4 இல மணிக்கூட்டு பற்றரி இல்லை. நேரத்தை இன்டர்நெட்டில இருந்துதான் எடுக்கும், அதால ரவுட்டர் பிந்தி எழும்பினா பை பழைய நேரத்திலேயே பதியும், ஒரே மணித்தியாலத்துக்கு ரெண்டு தரம் பதிவு வந்து கலக்கும். பற்றரியில நேரத்தை வைச்சிருக்கிற டிஎஸ்3231 மொடியூல் ஒண்டு போடுங்கோ. கடற்காத்துக்குப் பின்கள் கெதியா கறள் பிடிக்கும், அதால ஜம்பர் வயரை விட்டுட்டு சொல்டர் பண்ணுங்கோ.

சென்சர், பை எழும்ப முந்தியே எண்ணத் தொடங்கிடும். ஒவ்வொரு பல்ஸையும் (எல்ஈடியின்ர ஒரு மினுக்கம்) தனித்தனியா அனுப்பாம, மொத்த எண்ணிக்கையை அனுப்பினா அந்த இடைவெளியும் கழிச்சுப் பாக்கேக்க தானா நிரம்பும். மீட்டரில 1600 எண்டு போட்டிருந்தா, 1600 பல்ஸுக்கு ஒரு யூனிட்.