நடுவர் ஃபிளாஸ்கும் நாடாளுகிறவர் கோப்பையும்

நடுவர் அண்ணாச்சி அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், கோயிலில் நள்ளிரவு நடக்கிற சாமக்கொடைக்கு இன்னும் நேரம் இருந்தும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற திசையன்விளைப் பக்கத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

‘நாடாளும் தலைவர் என்ன குடிக்கிறார் என்பது அவர் சொந்த விஷயமா, நாட்டு விஷயமா?’ இதுதான் தலைப்பு. நாட்டு விஷயமே என்று சொல்லும் அணியின் கடைசி ஆள் நான். தொடங்குமுன் ஒரு சந்தேகம். மேடையில் பேச வந்த எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறார்கள். நடுவருக்கு மட்டும் ஃபிளாஸ்க். அதற்குள் என்ன இருக்கிறது? முன்வரிசையில் இரண்டு பெரியம்மாக்கள் அரை மணி நேரமாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சரி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். சர்ச்சில் விஸ்கியும் ஷாம்பெயினுமாக இருந்தும் போரில் ஜெயித்தார், ஹிட்லர் மதுவை அநேகமாகத் தொடாதவன், அவன்தான் உலகத்தைக் கொளுத்தினான், அதனால் கோப்பையை விடுங்கள், ஆளைப் பாருங்கள் என்றார். நானும் கைதட்டினேன். ஆனால் தம்பி, குடிக்கிறவன் கெட்டவன், குடிக்காதவன் நல்லவன் என்று நாங்கள் எங்கே சொன்னோம்? நாற்காலியில் இருக்கிறவர் தம்ளரைத் தூக்கினாலும் ஊர் மேல் தெறிக்கும், கவிழ்த்து வைத்தாலும் ஊர் மேல் தெறிக்கும். எங்கள் கட்சி அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன சர்ச்சிலையே எடுத்துக்கொள்வோம். 1931 டிசம்பரில் நியூயார்க்கில் சாலையைக் கடக்கும்போது, நம்மூர் மாதிரியே அவர் ஊரிலும் வண்டி இடப்பக்கம் போகிற பழக்கத்தில், மாற்றிப் பார்த்துவிட்டார். கார் மோதிப் பலமான அடி. அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. மனுஷன் என்ன செய்வார்? 1932 ஜனவரியில் மருத்துவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். உடம்பு தேற, முக்கியமாகச் சாப்பாட்டு வேளையில், மது அவசியமாம். அளவை வரையறுக்க முடியாதாம், குறைந்தது 250 மில்லியாம்! ‘இதற்கு மேல் கூடாது’ என்று எழுதுகிற டாக்டரைத்தான் நமக்குத் தெரியும். ‘இதற்குக் குறையக் கூடாது’ என்று எழுதுகிறவர் பாளையங்கோட்டையில் இருந்தால் வாசலில் வரிசை முருகன்குறிச்சி வரைக்கும் நிற்கும். மருந்துச் சீட்டுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது உண்மை. ஆனால் இப்படியொரு சீட்டு அந்த ஊர் சுமைதூக்குகிறவருக்குக் கிடைத்திருக்குமா? சர்ச்சில் விரும்பிக் குடித்த போல் ரோஜே ஷாம்பெயின்காரர்கள், அவர் காலமான பிறகு 1984-இல் அவர் பெயரிலேயே ஒரு புட்டியைக் கொண்டுவந்தார்கள். சொந்த விஷயத்துக்கு யாராவது லேபிள் ஒட்டுவார்களா?

அடுத்து ஸ்டாலின். ரஷ்யாக்காரரைச் சொல்கிறேன், யாரும் செல்போனில் படம் பிடிக்க வேண்டாம். பிறந்த ஊர் ஜார்ஜியா. அந்த ஊர்த் திராட்சை மது என்றால் பிரியம். மெட்ராஸில் குடியேறிய நம் ஆள் உடன்குடிக் கருப்பட்டி இல்லாமல் காப்பி குடிக்க மாட்டான் அல்லவா, அந்த மாதிரி. அதில் தப்பில்லை. தப்பு அவர் பந்தியில் நடந்தது. ராத்திரி தொடங்குகிற விருந்து விடியும்வரை நடக்கும். கூட உட்காரும் அமைச்சர்கள் குடித்தே ஆக வேண்டும். தாக்குப்பிடிக்க முடியாமல் மிக்கோயானும் பெரியாவும் மாலென்கோவும் பரிமாறுகிற பெண்களோடு பேசி வைத்து, மதுவுக்குப் பதில் கலர் தண்ணீர் ஊற்றச் சொன்னார்களாம். கூட இருந்த ஷெர்பகோவ் அதைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொடுக்க, ஸ்டாலினுக்கு வந்ததே கோபம்! இதையெல்லாம் எழுதி வைத்தவர் அதே பந்தியில் உட்கார்ந்து கஷ்டப்பட்ட குருஷ்சேவ். பெரியா யார்? பெயரைக் கேட்டாலே நாடு நடுங்கிய ரகசியப் போலீஸ் தலைவர். அந்த ஆள் ஒரு தம்ளருக்குப் பயந்து கலர் தண்ணீர் குடித்திருக்கிறார். இதைச் சொந்த விஷயம் என்று எந்த வாயால் சொல்வது?

அமெரிக்க அதிபர் நிக்சன் கதை சின்னது. தனக்கு மட்டும் ஷாட்டோ மார்கோ என்கிற விலையுயர்ந்த திராட்சை மதுவைத் துணி சுற்றி ஊற்றச் சொல்லிவிட்டு, விருந்தாளிகளுக்கு மட்டமானதைக் கொடுப்பார் என்று எழுதியிருக்கிறார்கள். நம்மூர்ப் பந்தியில் இப்படி ஓரவஞ்சனை செய்தால் மறு பந்திக்கு இலை விழாது.

ரஷ்ய அதிபர் யெல்ட்சினை விடக் கூடாது. 1994 ஆகஸ்ட் 31-இல் ஜெர்மனியை விட்டுக் கடைசி ரஷ்யப் படை கிளம்புகிறது. பெர்லின் விழாவில் இவர் பேண்டு நடத்துகிறவரின் கோலை வாங்கித் தானே வீசி வீசி நடத்தினார். சரி, சந்தோஷம். அடுத்த மாதம் 30-ஆம் தேதி அயர்லாந்தில் ஷானன் விமான நிலையம். பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் வரவேற்க நிற்கிறார். விமானம் இறங்கியாச்சு, இவர் இறங்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வந்து நிற்கிறது, மேளம் அடிக்கிறது, மாப்பிள்ளை மட்டும் வெளியே வரவில்லை என்றால் பெண் வீட்டார் முகம் எப்படி இருக்கும்? தூங்கிப்போனேன் என்று அவர் சொன்னார். மாரடைப்பு என்று பின்னாளில் மகள் சொன்னார். அது உண்மையாகவே இருக்கட்டும். அன்றைக்கு உலகத்தில் ஒருத்தராவது நெஞ்சுவலியை நினைத்தாரா? எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் நினைத்தார்கள்.

நம் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய் என்ன குடித்தார் என்பதைச் சாமி பந்தலில் சொல்ல மாட்டேன். அவரே அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்.

இனி, குடிக்காதவர்கள் பக்கம் வருகிறேன். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் 1985-இல் நாட்டையே குடிக்காமல் வைக்கப் பார்த்தார். ‘பொதுச் செயலாளர்’ அல்ல, ‘மினரல் வாட்டர் செயலாளர்’ என்று ஜனம் கேலி செய்தது. திராட்சைத் தோட்டங்களை அழித்தார்கள். வீட்டுக்கு வீடு காய்ச்சியதில் கடையில் சீனி கிடைக்காமல் போயிற்று. நம்மூரில் ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. ஜங்ஷனில் கால் கிலோ அல்வா வாங்கினால் பில்லின் அடியில் ஒரு வரி வருகிறதே, அதற்குப் பாட்டன் அந்த வரிதான். அவர் குடிக்காததற்கு நாம் அல்வாவில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தாத்தா பனையேறி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பயினி, அதாவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். மதுவிலக்குக் காலத்தில் ஜெயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு விரல் சுண்ணாம்புதான். ஒருநாள் சுண்ணாம்பு குறைந்து பயினி லேசாகப் புளித்துவிட்டது. கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையான விடிலிக்குச் சோதனைக்கு வந்தவர் கலயத்தை மூக்குப் பக்கம் கொண்டுபோனார். தாத்தா ஒன்றும் பேசவில்லை, வலது கையை நீட்டினார். சுண்ணாம்பு அரித்து ஆள்காட்டி விரலில் நகத்தைச் சுற்றித் தோல் வெந்து வெளுத்திருந்தது. வந்தவர் விரலைப் பார்த்தார், கலயத்தை மண்ணில் கவிழ்த்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் அம்மா சொன்னது இது. கோட்டையில் இருந்தவர்கள் ஒரு சொட்டுத் தொடாதவர்கள். அவர்கள் தொடாதது எங்கள் தாத்தா விரலில் தெரிந்தது. அப்புறம் 1971-இல் கடையைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 2003-லிருந்து அரசாங்கமே கடைக்காரர். கள் மட்டும் 1987-லிருந்து வாசலுக்கு வெளியே நிற்கிறது.

இந்தப் பந்தலுக்குப் பின்னால் சுடலைமாட சுவாமி நிற்கிறார். படையலில் சுருட்டு எத்தனை, புட்டி எத்தனை என்று கோயில் வரி கொடுத்த அத்தனை பேரும் கூடிப் பேசித்தான் வைக்கிறோம். சாமி குடிக்கிறதையே ஊர் கூடிப் பேசுகிறது. ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஆசாமி குடிப்பதைப் பேசக் கூடாதா?

மணி அடித்துவிட்டீர்கள், அண்ணாச்சி. தீர்ப்பு உங்கள் இஷ்டம். ஆனால் அந்த ஃபிளாஸ்க் உங்கள் சொந்த விஷயம் என்றால், மூடியைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டு, முடிந்தால் அந்தப் பெரியம்மாக்களைத் தாண்டி வண்டி ஏறிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.