பெயர் சொல்லி மன்றாடுவோம்

அன்புள்ள பெற்றோர்களே, சகோதர சகோதரிகளே,

வயிற்றிலேயே பிள்ளையை இழந்தவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். சிலர் உடனே கேட்பார்கள். சிலர் நாம் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பார்கள். "ஞானஸ்நானம் கொடுக்க முடியாமப் போச்சே, என் பிள்ளை இப்போ எங்கே இருக்கும்?" எங்கள் மகள் உயிரில்லாமல் பிறந்தபோது நானும் என் மனைவியும் கேட்டது இதைத்தான். ஆறுதல் வார்த்தைகள் அப்புறம் இருக்கட்டும், முதலில் இதற்கு வருகிறேன்.

பெரியவர்கள் லிம்போ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் போய்ச் சேர்வதாகச் சொல்லப்பட்ட, வேதனை இல்லாத, ஆனால் கடவுளை முகமுகமாய்க் காணும் பேரின்பமும் இல்லாத நிலை அது. இறையியலாளர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த விளக்கம்தான். திருச்சபை அதை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் லிம்போ என்ற சொல்லே கிடையாது. அதன் 1261-ஆம் எண்ணை வீட்டில் எடுத்துப் படியுங்கள். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாமல் இறந்த குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. எல்லா மனிதரும் மீட்புப் பெற விரும்பும் கடவுளையும், சிறு பிள்ளைகளைத் தடுக்காதீர்கள் என்ற இயேசுவையும் காட்டி, இவர்களுக்கும் மீட்பின் வழி உண்டென்று நாம் எதிர்நோக்கலாம் என்கிறது. அதற்குச் சற்று முன்னால், 1257-இல், கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருந்தாலும் திருமுழுக்கு போன்ற தம் அருளடையாளங்களுக்கு அவர் கட்டுப்பட்டவர் அல்ல என்றிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் பல இரவுகளைக் கடந்தேன்.

2007-இல் பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தையின் ஒப்புதலோடு வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட ஆவணமும் இதையே விரிவாகச் சொல்கிறது. நமக்கு இருப்பது உறுதியான அறிவு அல்ல, எதிர்நோக்கு. ஆனால் ஆழமான காரணங்கள் உள்ள எதிர்நோக்கு என்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாத இந்த நேர்மை எனக்குப் பெரிய ஆறுதல்.

இந்த இடத்துக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. சுவிட்சர்லாந்தில் ஓபர்பியூரன் என்ற ஊரில் 15-ஆம் நூற்றாண்டில் ஒரு மாதா திருத்தலம் இருந்தது. உயிரில்லாமல் பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தொலைவிலிருந்தெல்லாம் வருவார்கள். குழந்தையைத் தணல் அருகே கிடத்திச் சூடேற்றி, உதட்டில் ஒரு இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்துவிட்டதென்று அந்தக் கணமே ஞானஸ்நானம் கொடுத்து, புனித மண்ணில் அடக்கம் செய்வார்கள். பிற்காலத்தில் அங்கே தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. இத்தகைய வழக்கங்களை ரோம் பின்னர் தடை செய்தது; இறந்தவருக்கு அருளடையாளம் இல்லை என்பதால் அது சரியான முடிவே. ஆனாலும் அந்த இறகையே பார்த்தபடி மூச்சடக்கி நின்றிருப்பார்களே அப்பாவும் அம்மாவும், அவர்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்று யாரும் அப்படி நிற்க வேண்டியதில்லை. திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்த குழந்தைக்கென்றே அடக்கத் திருப்பலி 1970-ஆம் ஆண்டின் திருப்பலி நூலில் சேர்க்கப்பட்டது. அத்தகைய குழந்தைக்குத் திருச்சபையின் முறைப்படி அடக்கச் சடங்கு நடத்த ஆயர் அனுமதி தரலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, எண் 1183. பலருக்கு இது தெரியாது. தெரியாததால் கேட்பதில்லை. தயவுசெய்து பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

எங்கள் மகளுக்கு என் அம்மாவின் பெயரை வைத்தோம். நகங்கள் முழுதாக வளர்ந்திருந்தன. வலது காது மடல் என்னுடையதைப் போலவே சற்று மடங்கியிருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் என் மனைவிக்குப் பால் சுரந்தது; குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. ரவிக்கை நனைந்து உட்கார்ந்திருந்தவளிடம், "அழாதே, அது சம்மனசாயிடுச்சு" என்றார் ஒரு உறவினர். அன்பில்தான் சொன்னார். ஆனால் நம் விசுவாசம் அதைவிடப் பெரியதைச் சொல்கிறது. மனிதர் சம்மனசாக, அதாவது வானதூதராக, மாறுவதில்லை. அவள் மனிதப் பிறவி, எங்கள் மகள். உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நான், மடங்கிய அந்தக் காது மடலையும் சேர்த்துத்தான் எதிர்பார்க்கிறேன். பிள்ளையை இழந்த தாவீது அரசர், நான் அவனிடம் போவேன், அவன் என்னிடம் திரும்பி வரமாட்டான் என்றார். போய்ச் சேரும் இடத்தில் ஆள் இருக்கிறது என்று நம்புகிறவரின் பேச்சு அது.

"அடுத்தது நல்லபடியா பிறக்கும்" என்பதையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அடுத்த பிள்ளை இன்னொரு ஆள். அப்புறம், அப்பாவையும் விசாரியுங்கள். என்னைப் பார்த்த எல்லோரும் "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்டார்கள்.

நவம்பர் 2, இறந்தோர் அனைவரின் நினைவு நாள். மன்றாட்டுக்காகப் பெயர் எழுதிக் கொடுக்கும் தாளில் உங்கள் குழந்தையின் பெயரையும் எழுதுங்கள். பெயர் வைக்கவில்லையா? இன்று வையுங்கள், எந்தத் தடையும் இல்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இழந்து, முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் எடுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.