ஜெர்மன் காக்ரோச்: காமன் நவுனா, ப்ராப்பர் நவுனா?

வணக்கம்ங்க. பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "சார், ஆன்ட், பீ, பட்டர்ஃபிளை எல்லாம் காமன் நவுன்னு சொன்னீங்க. ஜெர்மன் காக்ரோச்னு எழுதும்போது மட்டும் 'ஜி' பெரிய எழுத்தா போடுறோமே, அப்ப அது ப்ராப்பர் நவுனா?" படிச்சதும் சந்தோஷமாயிருச்சு. பரீட்சைக்காகக் கேட்ட கேள்வி இல்லைங்க இது.

தொடர்ந்து பாக்குறவங்களுக்கு நான் எங்க ஆரம்பிப்பேன்னு தெரியும். பேரு ஒருத்தருக்கா, கூட்டத்துக்கா? ஒருத்தருக்குன்னா ப்ராப்பர் நவுன், கூட்டத்துக்குன்னா காமன் நவுன். அவ்வளவுதான்.

சின்ன வயசுல தீப்பெட்டியில பொன்வண்டு வளத்திருப்பீங்க. வேல இலையப் பறிச்சுப் போட்டு, முட்டை வெச்சிருக்கானு மணிக்கொரு தரம் தொறந்து பாக்குறது. அது பீட்டில், காமன் நவுன். அதுக்கு ராஜானு பேரு வெச்சீங்கன்னா, ராஜா ப்ராப்பர் நவுன், 'ஆர்' கேப்பிடல். பக்கத்து வீட்டுப் பையன் தீப்பெட்டியில இருக்கறதும் பீட்டில்தான், ஆனா அது ராஜா இல்ல.

இப்ப ஜெர்மன் காக்ரோச்சுக்கு வாங்க. 'ஜெர்மன்' நாட்டுப் பேருல இருந்து வந்த ப்ராப்பர் அட்ஜெக்டிவ். அதனால அதுக்குக் கேப்பிடல். காக்ரோச்சுக்கு சின்ன 'சி'. மொத்தமா சேத்துப் பாத்தா? சிங்க்குக்கு அடியில ஒண்ணா ரெண்டா ஓடுது! முன்னாடி 'எ' போடலாம், பின்னாடி பன்மை சேக்கலாம். கூட்டத்தோட பேரு, காமன் நவுன்தான். பார்த்தீனியக் களையத் தின்னட்டும்னு 1984ல பெங்களூர்ல விட்டாங்களே மெக்ஸிகன் பீட்டில், நம்ம ஓசூருக்குப் பக்கத்துல, அதுவும் இப்படித்தான். மெக்ஸிகனுக்கு மட்டும் பெரிய எழுத்து. மோனார்க் பட்டர்ஃபிளைக்கு ராஜாப் பட்டமே இருக்கு, எழுதறது என்னமோ சின்ன 'எம்'. பெரிய எழுத்தப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஒருத்தருக்கா, கூட்டத்துக்கா?

தம்பி இன்னொண்ணு கேட்டிருக்கலாம். அந்தக் காக்ரோச்சுக்கு அறிவியல் பேரு பிளாட்டெல்லா ஜெர்மானிக்கா. அங்க நாட்டுப் பேருக்கு சின்ன 'ஜி'! அறிவியல் பேருல முதல் சொல்லுக்கு மட்டும்தான் பெரிய எழுத்து, ரெண்டாவது எந்த நாட்டுப் பேருல இருந்து வந்தாலும் சின்னதுதான். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வர்ற கூட்டக் கட்டுற புழு, பாம்பிக்ஸ் மோரி. 'பி' பெரிசு, 'எம்' சிறுசு. அது தின்னுற மல்பெரிச் செடியோட பேரு மோரஸ். அதுல இருந்து வந்ததுதான் மோரி. ஆனா செடிப் பேருல மோரஸ் முதல்ல நிக்குதா, அங்க 'எம்' பெரிசாயிடுது.

இதுல வேடிக்கை என்னன்னா, ஜெர்மானிக்கான்னு லின்னேயஸ்ங்கற சுவீடன் விஞ்ஞானி 1767ல பேரு வெச்சாரு. 2024ல வந்த மரபணு ஆய்வு, சுமார் 2,100 வருஷத்துக்கு முன்னாடி இந்தியா, இல்லைன்னா மியான்மர் பக்கம், ஆசியக் காக்ரோச்ல இருந்து பிரிஞ்சதுன்னு சொல்லுது. அமெரிக்கன் காக்ரோச்சுக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. தம்பி, இதையெல்லாம் பரீட்சையில எழுதிட்டு வந்துடாதீங்க, காமன் நவுன்னு மட்டும் எழுதுங்க.